அலாரம் அடித்தால் யார் வருவார்கள்?

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரும் எல்லாக் கடிதங்களும் கடைசியில் என் கைக்குத்தான் வரும். கவுன்சில் வரி, வைத்தியசாலை நேரம், வங்கி, காப்புறுதி, எதுவானாலும் "பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்று அம்மா நீட்டுவார். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் வீட்டில் இதே உத்தியோகம்தான் என்று எனக்குத் தெரியும். சம்பளம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அந்த வரிசையில் போன வருடம் எனக்கு ஒரு புது வேலை வந்தது: வீட்டுக்கு அலாரம் தெரிவு செய்வது.

நாங்கள் இருப்பது இலண்டனில், ஹரோ பகுதியில். ஒரே மாதத்தில் அடுத்த தெருவில் இரண்டு வீடுகள் உடைக்கப்பட்டன. இரண்டும் ஆசியக் குடும்பங்கள். ரிவி, மடிக்கணினி எதையும் தொடவில்லை. நகையை மட்டும் தேடி எடுத்திருக்கிறார்கள். காரணம் விளங்காத விஷயம் இல்லை. மடிக்கணினிக்குத் தொடர் இலக்கம் உண்டு. தங்கத்தை உருக்கிவிட்டால் அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. தீபாவளியை ஒட்டிய மாதங்களில் இங்குள்ள பொலிஸ் ஆசியக் குடும்பங்களுக்கு நகை பற்றி எச்சரிக்கை விடுவது வழக்கம். ஒக்ரோபர் கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். எந்த வீட்டில் வெளிச்சம் இல்லை என்று தெருவில் நடப்பவருக்கே தெரியும். நாங்களோ கலியாணம் என்றால் அம்மம்மா தொடக்கம் கைக்குழந்தை வரை ஒரே காரில் ஏறிப் போகிற ஆட்கள்.

அப்பாவுக்குக் கிழமையில் நாலு நாள் இரவு வேலை. நான் மான்செஸ்ரரில் வேலை பார்க்கிறேன், தம்பி பல்கலைக்கழகத்தில். இரவில் வீட்டில் இருப்பது அம்மாவும் அம்மம்மாவும் மட்டும். ஆகவே இந்தத் தெரிவைச் சும்மா ஏதோ ஒரு பெட்டி வாங்குகிற வேலையாக என்னால் எடுக்க முடியவில்லை.

விலை கேட்கத் தொடங்கியதும் எல்லோரும் பெட்டியைப் பற்றித்தான் பேசினார்கள். கமரா எத்தனை, ஆப் எப்படி, சத்தம் எவ்வளவு. ஒரு விற்பனையாளர் "இன்றைக்கே கையெழுத்து வைத்தால் பாதி விலை" என்றார். அன்றைக்கே வைக்க வேண்டிய கையெழுத்து என்றால் அடுத்த நாள் யோசித்தால் வைக்க மாட்டோம் என்று அர்த்தம். அவரை அனுப்பிவிட்டு இருந்து வாசித்தேன். வாசித்ததில் விளங்கியது இதுதான்: அலாரம் என்பது ஒரு செய்தி. அந்தச் செய்தி யாருக்குப் போகிறது, போய்ச் சேர்ந்ததும் அவர் என்ன செய்வார் என்பதை வைத்தே வகை பிரிக்க வேண்டும்.

முதலாவது வகை அடிக்கும், அவ்வளவுதான். வெளிச்சுவரில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு சைரன். செய்தி தெருவுக்குப் போகிறது. மாதக் கட்டணம் இல்லை. ஆனால் தெருவில் அலாரம் அடித்தால் நீங்கள் கடைசியாக எப்போது எழும்பிப் போய்ப் பார்த்தீர்கள்? யன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது வகை உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். எங்கள் வயதினருக்குப் பிடித்தது இதுதான். மலிவு, நாங்களே பூட்டலாம், ஆப் அழகாக இருக்கும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஹரோவில் கதவு உடைந்தால் செய்தி எனக்கு வரும். நான் இருப்பதோ 200 மைலுக்கு அப்பால். போன் சத்தமில்லாமல் வைக்கப்பட்டிருந்தால் அந்தச் செய்தியைக் காலையில் பல் தீட்டும்போது பார்ப்பேன்.

மூன்றாவது வகையில் செய்தி ஒரு கண்காணிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே இரவு பகலாக ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்காரருக்கோ, வீட்டுக்காரர் குறித்துக் கொடுத்தவருக்கோ, தேவையென்றால் பொலிசுக்கோ அறிவிப்பார்கள். இதற்கு மாதாந்தக் கட்டணம் உண்டு. அதை மாதக் கணக்காகப் பார்க்காதீர்கள். ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் கூட்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் அப்பா அம்மாமார் பலருக்கு இது தெரியாது. இங்கிலாந்தில் அலாரம் அடித்தது என்பதற்காக மட்டும் பொலிஸ் வருவதில்லை. முதல் இரண்டு வகைகளில், கள்ளன் உள்ளே நிற்கிறான் என்று யாராவது கண்டு, அல்லது கமராவில் நேரடியாகப் பார்த்து, 999க்கு அழைத்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது வகையில் பொலிஸ் வர வேண்டுமென்றால் அந்த அலாரத்துக்குப் பொலிஸ் கொடுக்கும் தனி இலக்கம் ஒன்று இருக்க வேண்டும். அந்த இலக்கம் கிடைக்க, என்.எஸ்.ஐ. அல்லது எஸ்.எஸ்.ஏ.ஐ.பி. போன்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அதைப் பூட்டியிருக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு உணர்கருவி சொன்னால் போதாது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கருவிகள் சொன்னால், அல்லது ஒலியோ படமோ உறுதிப்படுத்தினால், அப்போதுதான் பொலிசுக்கு அழைப்புப் போகும். 12 மாதத்துக்குள் மூன்று தவறான அழைப்புகள் போனால் அந்த வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே தவறாக அடிக்காத அலாரம்தான் நல்ல அலாரம். அதற்குக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கதவிலும் யன்னலிலும் பூட்டுவது ஒரு காந்தமும் ஒரு சிறிய ஆளியும். கதவு திறந்தால் காந்தம் விலகும், ஆளி நிலை மாறும், பெட்டிக்குச் செய்தி போகும். இது அநேகமாகப் பொய் சொல்லாது. அறை மூலையில் பூட்டும் பி.ஐ.ஆர். கருவி வேறு விதம். அது படம் எடுப்பதில்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர், ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகர்வதைப் பிடிக்கிறது. அதனால் ஹீற்றருக்கு மேலேயோ வெயில் நேரே விழும் இடத்திலோ பூட்டக் கூடாது. நாய் பூனை உள்ள வீட்டுக்கு, குறிப்பிட்ட எடை வரையுள்ள பிராணிகளைக் கணக்கெடுக்காத கருவி தனியாக இருக்கிறது.

அம்மம்மா விடிய நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணி போடுவார். "அவ நடக்கிற நேரமெல்லாம் இது கத்துமோ?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. நல்ல கேள்வி. இரவில் கதவு, யன்னல் கருவிகளை மட்டும் விழிப்பில் வைத்து, உள்ளே நடமாட்டத்தைப் பார்க்கும் கருவிகளை உறங்க விடலாம். வாங்கும்போது இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அம்மம்மாவின் தேத்தண்ணிக்கு இடம் கொடுக்காத அலாரத்தை எங்கள் வீட்டில் இரண்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தி வைத்த அலாரம் சுவரில் தொங்கும் பிளாஸ்ரிக்.

இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். இங்கே அலாரங்களுக்கு ஐரோப்பியத் தர விதியில் நாலு படிகள் உண்டு; சாதாரண வீட்டுக்குப் பெரும்பாலும் இரண்டாவது படி. மற்றது, செய்தி எந்த வழியால் போகிறது என்பது. பழைய ரெலிபோன் வலையமைப்பை 2027 சனவரியுடன் நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆகவே பழைய லைனை நம்பும் பெட்டி வேண்டாம். வைஃபை ஒன்றையே நம்புவதும் போதாது. இணைய இணைப்பு ஒன்று, சிம் ஒன்று என்று இரண்டு வழி இருந்தால் ஒன்று அறுந்தாலும் மற்றது பேசும்.

அப்பாவுக்குக் கமராதான் ஆசை. எட்டுக் கமரா, குசினியிலும் ஒன்று. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "என்ர வீட்டுக்குள்ள நான் கூந்தல் முடியிறதை மான்செஸ்ரரில இருந்து ஆர் பார்க்க வேணும்?" என்றார். சட்டப்படியும் கமரா விளையாட்டுப் பொருள் இல்லை. அது உங்கள் வளவுக்கு வெளியே தெருவையோ அடுத்த வீட்டையோ பதிவு செய்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2021இல் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றம் ஒன்று, தூரத்து உரையாடலையும் பிடிக்கும் வீட்டுக் கமராக்கள் பற்றிய வழக்கில் பக்கத்து வீட்டுக்காரரின் பக்கம் தீர்ப்பளித்தது. கடைசியில் வாசல் மணியோடு சேர்ந்த ஒரு கமராவுக்கு இருவரும் சம்மதித்தார்கள். ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு வாசல் படத்தில் விழாதபடி மறைத்தோம்.

கமரா பற்றி வாசித்தபோது ஒரு பெண்ணின் கதை கிடைத்தது. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் ஒரு தாதி. அவரும் கணவரும் வேறு வேறு நேரங்களில் வேலை செய்தார்கள். இரவில் தனியே இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் பயம். அழைத்தால் பொலிஸ் வர நேரமாகும். 1966இல் அவரும் கணவரும் ஒரு திட்டத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். கதவில் நாலு துளைகள், அவற்றுக்கு நேரே மேலும் கீழும் நகரும் கமரா, அறைக்குள் ஒரு திரை, வெளியே நிற்பவரோடு பேச ஒலிவாங்கி, உதவி கேட்க ஒரு பொத்தான். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. இன்று உங்கள் வாசலில் இருக்கும் கமரா மணியின் பாட்டி அது. இரவு வேலைக்காரரின் வீட்டில் பிறந்த கருவி என்பதால் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அந்த மனிசி கெட்டிக்காரி," என்றார். பிறகு, "ஆனா பொத்தானை அமத்தினா வாறதுக்கு ஆள் வேணும்" என்றார்.

அம்மா அதைச் சும்மா சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர்களின் வீட்டு அலாரம் ஒரு நாய். "நாய் குலைச்சா முன்வீட்டு அண்ணை லாம்போட படலைக்கு வருவார். அவர் இருமினாப் பின்வீடு முழிக்கும். ஆமி வெளிக்கிட்டாலும் நாய்தான் முதல் சொல்லும்." நாய் கள்ளனைக் கடித்ததாக அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அது அயலை எழுப்பியது. மிச்சத்தை அயல் பார்த்துக்கொண்டது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இரவோடு இரவாக வெளிக்கிட்டபோது, அம்மம்மா வீட்டை ஒழுங்காகப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு போய்ப் பார்த்தபோது பூட்டும் இல்லை, கதவு நிலையும் இல்லை. பூட்டில் குறை இல்லை. அயலே இல்லாத ஊரில் பூட்டு யாருக்கு எதைச் சொல்லும்?

மூன்றாவது வகையைத்தான் எடுத்தோம். இரண்டாவது படித் தரம், பொலிஸ் இலக்கத்தோடு. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அவசரப் பொத்தான். நிறுவனம் படிவம் அனுப்பியது. எல்லாம் நிரப்பி முடித்து நாலாவது பக்கத்துக்கு வந்தேன். வீட்டுத் திறப்பு வைத்திருக்கும் இரண்டு பேரின் விவரம் கேட்டிருந்தது. அழைத்தால் 20 நிமிடத்துக்குள் எந்த நேரத்திலும் வரக்கூடியவர்கள், அலாரத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள். பொலிஸ் வரும் அலாரத்துக்கு இது கட்டாயம்.

"சித்தப்பாவைப் போடு" என்றார் அப்பா. சித்தப்பா குறொய்டனில்; இலண்டனின் மறு கரை. "அப்ப மாமியைப் போடு." மாமி மில்ரன் கீன்ஸில். அப்பாவின் போனில் நூற்றுக்கணக்கில் தமிழ்ப் பெயர்கள். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோவில். ரொறன்ரோவில் ஆள் உண்டு, பாரிசில் ஆள் உண்டு. இரவு இரண்டு மணிக்கு 20 நிமிடத்தில் வர ஒரேயொருவர், அப்பாவோடு வேலை செய்யும் அண்ணை. இரண்டாவது பெயருக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு குஜராத்தி அம்மா தனியே இருக்கிறார். 22 வருடமாக அடுத்தடுத்த வீடு. பார்த்தால் சிரிப்போம், குப்பைத்தொட்டி நாளன்று கை காட்டுவோம். அவர் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "முன்பின் தெரியாத ஆளிட்டத் திறப்பைக் குடுக்கிறதே?" என்று அப்பா கேட்டார். 22 வருடத்தை முன்பின் தெரியாதது என்று சொல்ல வேண்டியிருந்ததில் அவருக்கே ஒரு கூச்சம். அதற்கு மேல் பேசவில்லை. அம்மாதான் அடுத்த நாள் ஒரு தட்டு வடையோடு போனார். நான் மொழிபெயர்க்கக் கூடப் போனேன். பெரிதாகத் தேவைப்படவில்லை.

அவர் கம்பாலாவில் பிறந்தவர். 1972இல் இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றியபோது 90 நாள் அவகாசத்தில் வந்த குடும்பம். "நாங்களும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்தோம்" என்றார். அம்மா அவரின் கையைப் பிடித்தபடி இருந்தார். பிறகு விஷயத்தைச் சொன்னோம். அவர் யோசிக்கவே இல்லை. "எனக்கும் ஒரு ஆள் தேவை. மகன் லெஸ்ரரில் இருக்கிறான். உங்கள் கணவர் என் திறப்பை வைத்திருப்பாரா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்திலிருந்து யாராவது கேட்க வேண்டும் என்று அவர் எத்தனை வருடம் இருந்தாரோ.

அவருக்கென்று அலாரத்தில் ஒரு தனிக் குறியீட்டு எண் போட்டுக் கொடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் எண்ணை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். தனி எண் என்றால் யார் எப்போது நிறுத்தினார் என்று தெரியும், தேவையென்றால் அதை மட்டும் அழிக்கலாம்.

ஒரு பங்குனிச் சனிக்கிழமை எல்லோரும் கலியாண வீட்டில் இருந்தபோது அலாரம் அடித்தது. ஒரே ஒரு கருவி, வரவேற்பறை பி.ஐ.ஆர். இரண்டாவது கருவி சொல்லாததால் நிலையம் பொலிசை அழைக்கவில்லை. பட்டியலில் உள்ளவர்களை அழைத்தது. பத்து நிமிடத்தில் அம்மாவின் போன் அடித்தது. "உங்கள் கள்ளனைப் பிடித்துவிட்டேன். வெள்ளி நிறம். வயது 21." தம்பியின் பிறந்தநாளுக்குக் கட்டிய ஹீலியம் பலூன், ஹீற்றர் காற்றில் மெல்ல நகர்ந்து கருவிக்கு முன்னால் வந்திருக்கிறது. விழா முடிந்ததும் பலூன்களை இறக்கிவிடுங்கள். இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

கடைசியாக நகை விஷயம். அம்மாவுக்குத் தாலிக்கொடி எத்தனை பவுண் என்று தெரியும்; எத்தனை பவுண் பெறுமதி என்று தெரியாது. காப்புறுதிக்காரர் கேட்பது இரண்டாவதை. பல காப்புறுதிகளில் ஒரு பொருளுக்கு உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்ட நகையைத் தனியாகக் குறிப்பிட்டால்தான் முழுப் பெறுமதி கிடைக்கும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, மதிப்பீட்டுக் கடிதம் வாங்கி வையுங்கள். வீட்டில் அலாரம் இருக்கிறது என்று காப்புறுதிக்குச் சொன்னால், வெளியே போகும்போது அதைப் போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். அதையும் தேடி வாசியுங்கள். வீட்டில் பெட்டகம் வைப்பதானால் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் பெட்டகத்தோடு தூக்கிக்கொண்டு போவார்கள். பெட்டகத்தில் போட்டிருக்கும் மதிப்பு காசுக்கானது. நகைக்கு அதன் பத்து மடங்கு என்பது இங்குள்ள வழக்கம். 4,000 பவுண் என்று போட்டிருந்தால் நகைக்கு 40,000. உடுப்பு அலுமாரி, அரிசி வாளி, சாமித்தட்டுக்குக் கீழே என்ற எங்கள் இரகசிய இடங்கள் இப்போது ஒருவருக்கும் இரகசியம் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இந்த வேலை உங்களிடம் வரும். அப்போது கமரா எண்ணிக்கைக்கு முன்னால் அம்மாவிடமும் அப்பாவிடமும் இரண்டு பெயர் கேளுங்கள்: 20 நிமிடத்தில், நடு இரவில், கதவடிக்கு வரக்கூடிய இரண்டு பேர். பெயர் வந்தால் மிச்சத்தைக் கடையில் வாங்கலாம். வராவிட்டால், உங்கள் இடப்பக்க வீட்டிலோ வலப்பக்க வீட்டிலோ யாரோ ஒருவரின் படிவத்திலும் அந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடும். போய்த் தட்டிப் பாருங்கள். வடை கொண்டு போனால் இன்னும் நல்லது.